திருவெம்பாவை முடிந்த பின்னும்

சிவமயம்

கரவெட்டி,
24.11.1994, இரவு

அன்பு நிறைந்த பத்மாக்காவுக்கு,

அம்மாவும் நானும் சுகம். கொழும்பு மழையில் நீங்கள் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். அம்மா படுத்த பிறகு, ஜாம் போத்தல் விளக்கைப் பாயின் பக்கத்தில் இறக்கி வைத்திருக்கிறேன். அம்மா புரண்டு படுத்தாலே விளக்கைக் கையால் மறைக்கிறேன்.

ஹெலி வந்து சுட்ட அன்று பள்ளிக்கூடப் பங்கருக்குள் குதித்து முறிந்த கால் பொருந்திவிட்டது அக்கா. மாவுக்கட்டு வெட்டிய டொக்டர், "இனி நடக்க நடக்கத்தான் சரிவரும்" என்றார். வலது கால் கொஞ்சம் மெலிந்து கிடக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அம்மா தடியை விட விடுகிறா இல்லை. "வெளியிலை போகேக்கை நல்லா நொண்டு" என்கிறா. ஏன் என்று கேட்டால், "கால் சுகமெண்டு தெரிஞ்சா, இயக்கத்துக்கு ஆள் சேர்க்கப் பள்ளிக்கூடத்திலை வந்து கதைக்கிறவை உன்னையும் கூப்பிடுவினம்" என்கிறா. என் காலைக் கொழும்பில் காட்ட வேண்டும் என்று சொல்லி இரண்டு பேருக்கும் ஊரைவிட்டுப் போகப் பாஸ் எடுக்கப் போகிறாவாம்.

இப்போது நான் சொல்வதை அம்மாவுக்கு எழுத வேண்டாம். எங்கள் விளையாட்டு ரீச்சர், பெர்னடெட் ரீச்சர், ஒரு செய்தி சொன்னா. பேச்சுவார்த்தை சரிவந்து சண்டை நின்றால், சித்திரை வருஷப் பிறப்புக்கு முன் அரை மரதன் ஓட்டம் வைக்கப் போகிறார்களாம். பதின்மூன்று மைல். அப்பா இருந்திருந்தால் பதின்மூன்று கட்டை என்பார். முதல் தடவையாகப் பெண் பிள்ளைகளுக்கும் உண்டு.

"மீனாம்பிகை, உன்ரை பேரையும் எழுதவோ? முந்திறது முக்கியமில்லை, முடிக்கிறதுதான்" என்று கேட்டா.

ஓம் என்றுவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அம்மா எந்த நேரமும் வீட்டில். எங்கே ஓடுவது?

பதிலை ரீச்சரின் பெயருக்குப் பள்ளிக்கூட விலாசத்தில் போடுங்கள். விளக்கில் எண்ணெய் முடிகிறது.

உங்கள் பிரியமான தங்கை
மீனா

*

வெள்ளவத்தை,
18.12.1994

என் செல்லத் தங்கை மீனாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன் கடிதம் மூன்று கிழமை கடந்து வந்தது. உள்ளே விளக்குப் புகை மணந்தது. பாயை எரித்துவிடாதே.

பங்கருக்குள் குதிக்கத் தெரியாதவள் பதின்மூன்று கட்டை ஓடப் போகிறாளாம்! சிரித்தேன். பிறகு சந்தைக்குப் போய் ஒரு கன்வஸ் சப்பாத்து வாங்கினேன். கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்து போகிற வியாபாரி சிமியோன் அண்ணையிடம் கொடுத்துவிடுகிறேன். ஓடு, ஆனால் ஒருவர் கண்ணிலும் படாதே. பகலில் தடியை விடாதே. ஊருக்குப் பொறுப்பான விதானையார் கையெழுத்து வைக்காமல் பாஸ் இல்லை என்பது உனக்குத் தெரியும். சுவிஸில் இருக்கிற மாப்பிள்ளையின் பெரியப்பா அவர். என் சம்பந்தம் பேச்சில் இருக்கிற நேரம் அவர் மனம் கோணக்கூடாது.

அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாவா? கிணற்றில் தண்ணீர் அள்ளுவது இப்போதும் அவதானா? எந்தக் கையால் அள்ளுகிறா? சும்மாதான் கேட்கிறேன். ஆனால் பார்த்து எழுது.

அன்புடன்
அக்கா

*

சிவமயம்

கரவெட்டி,
29.1.1995, இரவு

பாசமுள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். சப்பாத்து வந்தது. நலம் கேட்டு எழுத வேண்டிய இடத்தில் சப்பாத்தைப் பற்றி எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். ஒரு இலக்கம் பெரிது. முன்னுக்குத் துணி அடைத்திருக்கிறேன்.

சண்டை நின்றுவிட்டது. இரவில் நாய் குரைப்பது கேட்கிறது. முன்பு அதுகூடக் கேட்காது.

நான் ஓடத் தொடங்கிவிட்டேன் அக்கா! திருவெம்பாவைக்கு அம்மா விடியப்புறம் நாலு மணிக்குக் கோயிலுக்குப் போனா. சங்குச் சத்தம் கேட்டதும் நான் எழும்பிப் பின் ஒழுங்கையால் வயல் வரம்புக்குப் போய்விடுவேன். அங்கிருந்து றோட்டு. கரண்ட் இல்லாத கம்பங்கள் நிற்கின்றன அல்லவா, ஒரு கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை. முதல் நாள் ஆறாவது கம்பத்தில் முழங்காலுக்குக் கீழே யாரோ ஆணி அடிப்பது போல இருந்தது. இருந்து அழுதேன். ரீச்சர் சுடு நல்லெண்ணெய் தேய்த்துத் துணி சுற்றச் சொன்னா. இப்போது வலி வருகிறது, ஆனால் வந்துவிட்டுப் போகிறது.

திருவெம்பாவைப் பத்து நாளும் முடிந்துவிட்டது. என் ஓட்டமும் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஏதோ நேர்த்தியாம். எனக்கு நல்லதாய்ப் போயிற்று.

நீங்கள் கேட்டபடி பார்த்தேன். அம்மா இடக்கையால்தான் அள்ளுகிறா. வலது தோளில் வாதமாம். இப்போது பெரும்பாலும் என்னைத்தான் அள்ளச் சொல்லுகிறா.

போன கிழமை விதானையார் வந்தார். குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "எங்கை பிள்ளை, முற்றத்திலை ஒருக்கா நட பாப்பம்" என்றார். நடந்தேன்.

"என்ன சிவக்கொழுந்து, உது நொண்டலோ நாட்டியமோ?"

"பெட்டைக்கு உங்களைக் கண்ட வெக்கம்" என்றா அம்மா.

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார். சித்திரை வருஷம் பிறந்த பிறகு பாஸ் கந்தோரில் கூப்பிட்டுக் காலைப் பார்ப்பார்களாம். அவர் நல்ல மனிதர் அக்கா. பொய் சொல்லிய பிறகு அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன்.

அன்பு மறவாத
மீனா

*

வெள்ளவத்தை,
20.2.1995

அன்புத் தங்கைக்கு,

சுகம். உன் சுகமும் அதுவே ஆகுக.

அம்மா சொல்வது போலச் செய். பாஸ் கையில் வரும்வரை ஆட்களுக்கு முன்னால் ஓட வேண்டாம். ரீச்சரிடம் பெயரை வெட்டச் சொல். கொழும்புக்கு வந்த பிறகு காலிமுகக் கடற்கரையில் நீ விரும்பிய மட்டும் ஓடு, நான் மணிக்கூடு பிடிக்கிறேன்.

அம்மா மெலிந்துவிட்டாவா? இரவில் நித்திரை கொள்ளுகிறாவா? அதை நீ எழுதவில்லை.

அக்கா

*

சிவமயம்

கரவெட்டி,
12.3.1995, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லாரும் சுகம், உங்கள் சுகமறிய ஆவல் என்று எழுதிவிட்டு, நான் உங்களோடு கோபம் என்றும் எழுதுகிறேன்.

எட்டுக் கட்டை ஓடிவிட்டேன். நடக்காமல், நிற்காமல் எட்டு. வியாபாரிமூலைப் பக்கம் போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். வரும்போது இரண்டு காலும் ஒரே அளவில் நிலத்தில் விழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை மாதம்!

பிறகு ஏழு மணிக்கு வீட்டுப் படலையைத் தாண்டினால் நொண்டி. முந்தநாள் சங்கக் கடைக்குப் போகும்போது மறந்துபோய் இடக்காலை இழுத்துவிட்டேன். பின்னால் வந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "மற்றக் காலடி, விசரி!" என்றா. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கும் வந்தது. இரண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடிந்ததும் அம்மா வேலியை விடாமல் கனநேரம் நின்றா. மெலிந்துதான் இருக்கிறா. தனக்குப் பசியில்லை என்று என் கோப்பையில் போடுகிறா.

ஓட்டம் ஏப்பிரல் 9ஆம் தேதி. எல்லாருக்கும் நான் நொண்டியாக இருந்தால்தான் வசதி. பள்ளிக்கூடத்தில் வந்து கதைக்கிறவர்களுக்கு எனக்கும் பயம்தான். ஆனால் போன மாதம் வந்தபோது என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பாஸ் கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் கேட்கலாம். இந்தச் சண்டை நிற்பு அடுத்த வருஷம் இருக்குமா?

எனக்கு ஒரே ஒரு காரணம் எழுதுங்கள் அக்கா. ஓடக்கூடாது என்பதற்கு ஒரு காரணம். எழுதினால் சத்தியமாகப் பெயரை வெட்டுவேன்.

மீனா

*

வெள்ளவத்தை,
29.3.1995

மீனா,

ரீச்சர் அவசரமாக அனுப்பியதால் உன் கடிதம் கெதியாய்க் கிடைத்தது. சிமியோன் அண்ணை வாசலில் நிற்கிறார். அவர் கையில் கொடுத்தால் ஒரு கிழமைக்குள் வரும்.

காரணம் சொல்ல என்னால் ஏலாது. அக்கா சொல்லுகிறேன் என்பது போதாதா? ஓடாதே.

அம்மாவுக்கு இத்துடன் ஓவல்ரின் பெட்டி ஒன்று அனுப்புகிறேன். நீ குடித்துவிடாதே.

பத்மா

*

சிவமயம்

கரவெட்டி,
10.4.1995, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதம் 5ஆம் தேதி வந்தது. எட்டுத் தரம் வாசித்தேன். அதில் காரணம் இல்லை.

நேற்று ஓடிவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் சிரமதானம், துப்புரவு வேலை என்று அம்மாவுக்குப் பொய் சொன்னேன். முதல் நாள் இரவு அம்மா உளுத்தங்களி கிண்டியிருந்தா. "உளுந்து பழுதாப் போகப்போகுது, தின்" என்று நல்லெண்ணெய் விட்டுப் பெரிய உருண்டையாகத் தந்தா. மிச்சம் வைக்காமல் தின்றேன்.

நெல்லியடிச் சந்தியில் நாற்பது பேர் நின்றோம், பெண் பிள்ளைகள் ஏழு பேர். பருத்தித்துறை வரை ஒன்றும் தெரியவில்லை. கடற்கரை றோட்டில் மீன்பிடிக்கிற சனம் வள்ளங்களை விட்டுவிட்டு வந்து வரிசையில் நின்று கைதட்டினார்கள். ஒரு ஆச்சி, "ஏனடி மேனை இப்பிடி ஓடுறியள், ஆர் கலைக்கினம்?" என்று கேட்டா. யாரும் துரத்தாமல் ஓடுவது இதுதான் முதல் தடவை என்று சொல்ல மூச்சு வரவில்லை.

வல்வெட்டித்துறை தாண்ட கால் பழைய இடத்தில் பிடித்தது. உடுப்பிட்டி ஏற்றத்தில் சப்பாத்துக்குள் ஈரம். வியர்வை என்று நினைத்தேன், இரத்தம். அங்கே ஒரு கம்பத்தைப் பிடித்து நின்றேன். நொண்டினால் நடந்து முடிக்கலாம். ஆனால் நொண்டி முடிக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு கம்பம், அடுத்த கம்பம் என்று மார்கழியில் எண்ணியது போல எண்ணினேன்.

முடிவிடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தண்ணீர்ப் பந்தல். தேசிக்காய்த் தண்ணீர்க் கோப்பையை நீட்டிய கையைப் பார்க்காமல் வாங்கிக் குடித்தேன். பிறகு குடையைக் கண்டேன். விதானையார்.

"உது எங்கடை சிவக்கொழுந்துவின்ரை பிள்ளையெல்லே! நாட்டியக்காரி!" என்று கத்தினார். கோபமே இல்லை அக்கா. என்னோடு கூடக் கொஞ்சத் தூரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். ஆட்கள் சிரித்தார்கள்.

பெண் பிள்ளைகளில் நான்காவதாக வந்தேன். முடித்தேன்.

பின்னேரம் அவர் வீட்டுக்கு வந்தார். "கால் சுகமானது எனக்குச் சந்தோசம் பிள்ளை. ஆனா பொய்க்கு என்ரை கையெழுத்து நிக்கக்கூடாது. கடதாசியைத் திருப்பி எடுக்கப்போறன்" என்று அம்மாவிடம் சொன்னார்.

"ஓம், அது நியாயம்தானே" என்றா அம்மா.

அடி விழும் என்று நின்றேன். அம்மா வெந்நீர் வைத்தா. என் காலை மடியில் தூக்கி வைத்து இடக்கையால் கழுவினா. "நல்லா ஓடினியாம்" என்றா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உடனே பதில் போடுங்கள்.

மீனா

*

சிவமயம்

கரவெட்டி,
4.6.1995, இரவு

அக்காவுக்கு,

சுகம் கேட்டு எழுத மனம் வரவில்லை. ஓட்டம் முடிந்து எழுதிய கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. திரும்பவும் சண்டை தொடங்கியதால் வரவில்லையா, நீங்கள் எழுதவேயில்லையா என்று தெரியாமல் இருந்தேன். இப்போது தெரியும்.

போன வெள்ளிக்கிழமை அம்மாவால் தலைக்கு வார்க்கக் கை தூக்க முடியவில்லை. நான் வார்க்கிறேன் என்று கிணற்றடியில் நின்றேன். ஈரச் சேலை விலகியது. வலது மார்பு, அக்கா. கல் மாதிரி இறுகி, நிறம் மாறி, ஒரு பக்கம் உடைந்து கசிகிறது. வாளி என் கையிலிருந்து கிணற்றுக்குள் போய்விட்டது.

"போன ஐப்பசியிலையே டொக்டர் சொன்னவர், உடனை கொழும்புக்குப் போகச் சொல்லி" என்றா அம்மா. ஏதோ கடையில் சீனி முடிந்துவிட்டது என்பது போலச் சொன்னா. "கூடாத வருத்தமெண்டு விதானையார் அறிஞ்சா கொக்கா பத்மாவின்ரை கலியாணம் என்னாகும்? தாய்க்கு இருந்தா பிள்ளையளுக்கும் வருமெண்டு கதைப்பினம். உன்ரை காலாலை போனா ஒருத்தருக்கும் தெரியாது. உனக்குத் துணையா வாற மாதிரி வந்து, அங்கை காட்டியிருப்பன்."

பாஸ் கடதாசியில் அம்மா துணைக்கு வருகிறவ. நோயாளி நான்.

இதையும் ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினா. உங்களிடமும் கடிதத்தில் வாங்கினாவாம்.

நான் அடுத்த நாளே சத்தியத்தை மீறினேன். விதானையார் வீட்டுக்கு ஓடினேன். வீட்டுக்கு வெளியே ஓடுவதை யார் கண்டால் என்ன இனி? முற்றத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் கலியாணம் முறிந்தால் என்னைத் திட்டுங்கள்.

அவர் கதிரையில் இருந்துவிட்டார். குடைப்பிடியைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"இதை முதலே சொல்லியிருந்தா மார்கழியிலையே அனுப்பியிருப்பனே பிள்ளை. என்ரை தாயும் உந்த வருத்தத்திலைதான் போனவ. நாங்களும் அப்ப ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

அன்றே சைக்கிளில் பாஸ் கந்தோருக்குப் போனார். பாஸ் வரும் என்கிறார்கள். ஆனால் கிளாலியில் வள்ளம் ஓடவில்லை.

நான் ஒரே ஒரு காரணம் கேட்டேன் அக்கா.

மீனா

*

வெள்ளவத்தை,
2.7.1995

என் மீனாவுக்கு,

நான் சுகம் என்று எழுதினால் அது பொய். சித்திரையிலிருந்து நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். நாலிலும் "ஏன் ஓடினாய்" என்று எழுதியிருந்தேன். கிழித்தது நல்லது.

நீ காரணம் கேட்ட அன்று அது என் பேனா நுனியில் நின்றது. அம்மாவுக்குச் செய்த சத்தியம் என்று சொல்லி எழுதாமல் விட்டேன். சத்தியம் மட்டுமில்லை. எனக்கும் அந்தக் கலியாணம் வேண்டியிருந்தது. இருபத்தெட்டு வயது மீனா. நீ உன் காலைப் பார்க்கவில்லை. நாங்கள்தான் எங்கள் தேவைக்கு உன் காலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

இங்கே மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கேட்டு வைத்திருக்கிறேன். எப்படியாவது அம்மாவைக் கொண்டு வா. வள்ளம் ஓடினால் உடனே கொண்டுவரச் சொல்லிச் சிமியோன் அண்ணையிடம் நோவுக்குக் குளிசை கொடுத்துவிட்டிருக்கிறேன். ஆறு மணித்தியாலத்துக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு. அம்மாவின் பக்கத்திலேயே படு. அவ கேட்டால், நான் கோபமில்லை என்று சொல்.

உன் அக்கா

*

சிவமயம்

கரவெட்டி,
24.9.1995, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி போன புதன்கிழமை முடிந்தது. நீங்கள் வர ஏலாது என்று எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் குறை சொல்லவில்லை. நான் சாப்பிடுகிறேன். நீங்களும் சாப்பிடுங்கள்.

பாஸ் ஆடியில் வந்தது. பிறகு வள்ளம் ஓடியது இரண்டே கிழமை, அப்போது அம்மாவுக்கு எழும்பி இருக்கவும் ஏலாமல் போய்விட்டது. கடைசி மட்டும் விதானையார் நாள் தவறாமல் வந்தார். பாடைக்கு முதல் தோள் கொடுத்தவரும் அவர்தான். எட்டாம் நாள் செலவன்று என்னைக் கூப்பிட்டு, "கொக்காவுக்கு எழுது, வருஷம் கழிஞ்சு ஆட்டத்திவசம் முடிய கலியாணத்தை வைப்பம். பெடியனுக்கு எல்லாம் எழுதிப்போட்டன், அவனுக்கு ஒண்டும் இல்லையாம்" என்றார். எழுதிவிட்டேன். அம்மா பயந்தது நடக்கவில்லை. அதை அம்மாவிடம் சொல்லவும் முடியவில்லை.

இனி எழுதப் போவதை உங்களுக்கு மட்டும் சொல்லுகிறேன்.

கண் மூடுவதற்கு நாலு நாளைக்கு முன், நோவு குறைந்த நேரம், அம்மா என்னிடம் ஓட்டத்தைப் பற்றிக் கேட்டா. எந்தச் சந்தியில் என்ன கண்டாய், கடற்கரையில் யார் நின்றது, எல்லாம். சொன்னேன். பிறகு அழுதேன். நான் ஓடாமல் இருந்திருந்தால் என்று தொடங்கினேன். அம்மா என் வாயைப் பொத்தினா.

"ஒரு நாள் விடிய நீ நித்திரைத் தூக்கத்திலை எழும்பிக் கிணற்றடிக்கு வந்தனி. ஒருத்தரும் பாக்கேல்லை, இருட்டு. அப்பவும் நொண்டினாய். எனக்கு ஈரல் கருகிப்போச்சு. நான் சொல்லிச் சொல்லிப் பிள்ளையை நொண்டியாக்கிப்போட்டன் எண்டு. அண்டைக்கே நினைச்சிட்டன், நீ ஓடத்தான் வேணுமெண்டு."

"உங்களுக்குத் தெரியுமோ அம்மா?"

"திருவெம்பாவை பத்து நாள்தானே மேனை" என்றா. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் சிரித்தா.

எனக்கு அப்போது முழுதாக விளங்கவில்லை. அந்தியேட்டி முடிந்த அடுத்த நாள் விடியப்புறம் நாலு மணிக்கு முழிப்பு வந்தது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கோயிலடிக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. விடியும் வரை நின்று ஐயரைக் கேட்டேன்.

"திருவெம்பாவை முடிஞ்சால் ஆறு மணிக்கு முன்னம் ஒரு நாளும் திறக்கிறதில்லையே பிள்ளை. உங்கடை அம்மா வந்து வெளியிலை, அந்த மதிலோடை சாஞ்சு இருப்பா. பனிக்குள்ளை. ஏன் இவ்வளவு வெள்ளன வாறியள் எண்டு கேட்டா, வீட்டிலை பிள்ளைக்குக் கொஞ்சம் இடம் வேணும் எண்டுவா" என்றார்.

மூன்று மாதம் அக்கா.

அந்த மதிலில் கொஞ்சநேரம் சாய்ந்து இருந்தேன். கல் குளிர்ந்தது. பிறகு எழும்பி வீட்டுக்கு வந்தேன். ஓடித்தான் வந்தேன். இரண்டு காலும் ஒரே அளவில் விழுந்தன.

உங்கள் தங்கை
மீனா